கூண்டு ஏற்றிய பிறகு: சோழமண்டலக் கரையில் உள்ளூர்ச் சமூகங்களும் பேரிடர்த் தகவமைப்பும்

காலநிலை மாற்றத்தை எதிர்கொள்ளும் முயற்சிகளை இரண்டாகப் பிரிப்பது அறிஞர் வழக்கம். நிலக்கரி, பெட்ரோலியம் முதலியவற்றை எரிப்பதால் வெளியேறும் வாயுக்களைக் குறைத்துப் புவி மேலும் சூடாகாமல் தடுக்க முயல்வது ‘தணிப்பு’ எனப்படும். ஏற்கெனவே நேர்ந்துவிட்ட, இனித் தவிர்க்க முடியாத மாற்றங்களுக்கு ஏற்ப வாழ்விடத்தையும் தொழிலையும் பழக்கத்தையும் மாற்றிக்கொள்வது ‘தகவமைப்பு’ எனப்படும். முன்னதன் பயன் உலகம் முழுவதற்கும் பொது. பின்னதன் பயனோ அது எந்த ஊரில் செய்யப்படுகிறதோ அந்த ஊருக்கே உரியது. ஆகவே தணிப்பைப் பற்றிய பேச்சு தலைநகரங்களிலும் பன்னாட்டு மாநாடுகளிலும் நடப்பதில் வியப்பில்லை. தகவமைப்பைப் பற்றிய பேச்சு வாய்க்கால் கரையிலும் மீன் ஏலக்கூடத்திலும் ஊர்க் கூட்டத்திலும் நடந்தாக வேண்டும். அது அங்கே நடக்கிறதா, நடந்தாலும் முடிவெடுப்பவர் யார் என்பதை வட தமிழகக் கடற்கரையையும் காவிரிப் படுகையின் கடைமடையையும் முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

இயற்கையின் சீற்றமும் பேரிடரும் ஒன்றல்ல என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. ஆளில்லாத மணல்திட்டில் கரை கடக்கும் புயல் வெறும் வானிலைச் செய்தியாக முடிந்துபோகும். சீற்றத்தின் வலு, அதன் பாதையில் நிற்கும் மனிதரும் உடைமையும், அவர்கள் அடியைத் தாங்கி மீளும் திறனில் உள்ள குறை ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் கூடும்போதுதான் அது பேரிடராகிறது. துறைசார் எழுத்துகளில் இவை முறையே இடையூறு, வெளிப்பாடு, நலிவு என்று குறிக்கப்படுகின்றன. காலநிலை மாற்றம் நேரடியாகக் கூட்டுவது முதலாவதை மட்டுமே. மற்ற இரண்டையும் நிலவுடைமையும் சாதியும் கடனும் அரசு ஆவணங்களும் சேர்ந்து உருவாக்குகின்றன. தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியைத் தருவது அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழை. வங்கக் கடலில் புயல்கள் உருவாவதும் பெரும்பாலும் அதே மாதங்களில்தான். ஏரியை நிரப்பும் காற்றழுத்தத் தாழ்வே சற்று வலுத்தால் ஏரிக் கரையை உடைக்கிறது என்பதால், இங்கே மழைக்காக ஏங்குவதும் மழைக்கு அஞ்சுவதும் ஒரே மூச்சில் நடக்கின்றன.

உயிர் காக்கும் கலை

கடலூர், நாகப்பட்டினம், பாம்பன் துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டைத் தமிழகக் கடற்கரையில் அறியாதவர் இல்லை. கொடிக்கம்பத்தில் பகலில் கூம்பு, உருளை வடிவக் குறிகளும் இரவில் விளக்குகளும் ஏற்றப்படும். 1 முதல் 11 வரை எண்ணிட்ட இக்குறிகள் உண்மையில் கப்பல்களுக்காக ஏற்பட்டவை. 1 என்றால் தொலைவில் புயல் உருவாகக்கூடிய பகுதி இருக்கிறது. 8, 9, 10 என்றால் பெரும் அபாயம். கடைசி எண்ணான 11 சற்று வேறுபட்டது. வானிலை மையத்துடன் தொடர்பு அறுந்துவிட்டது, ஆயினும் மோசமான வானிலைக்கு வாய்ப்பு இருப்பதாக உள்ளூர் அதிகாரி தாமே கருதுகிறார் என்பது அதன் பொருள். பதினொரு எண்களில் ஒன்று மட்டுமே உள்ளூர்க் கணிப்பை நம்பி ஏற்றப்படுவது, அதுவும் மேலிடத்தின் குரல் கேட்காதபோது மட்டும் என்பது, பேரிடர் மேலாண்மையின் பழைய மனப்பாங்கைத் தன்னை அறியாமலேயே காட்டிவிடுகிறது.

அந்த மனப்பாங்கு பெற்ற வெற்றியைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைப் புயல் அழித்தபோது பாம்பனிலிருந்து சென்ற தொடர்வண்டி பயணிகளோடு கடலில் மூழ்கியது. அந்த ஊர் பின்னர் மக்கள் வாழத் தகுதியற்றதாக அறிவிக்கப்பட்டது. 1977 நவம்பரில் ஒரே வார இடைவெளியில் நாகைக் கரையையும் ஆந்திரத்தின் திவிசீமையையும் புயல்கள் தாக்கியதில் திவிசீமைப் பகுதியில் மட்டும் இறந்தோர் ஆயிரக்கணக்கில் இருந்தனர். ஒடிசாவில் 1999ஆம் ஆண்டுப் பெரும்புயல் ஏறத்தாழப் பத்தாயிரம் உயிர்களைக் கொண்டுபோனது. அதே கரையை 2013இல் பைலின் புயல் தாக்கியபோது உயிரிழப்பு சில பத்துகளைத் தாண்டவில்லை. வங்கதேசத்தின் மாற்றம் இதைவிடப் பெரிது. 1970ஆம் ஆண்டுப் போலா புயலில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததாகக் கணிக்கப்படும் அந்த நிலத்தில், 1972 முதல் இயங்கும் புயல் முன்னேற்பாட்டுத் திட்டம் இன்று எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்களைக் கொண்டுள்ளது. அவர்கள் அந்தந்த ஊர்க்காரர்கள், அந்த ஊரின் சந்துகளையும் முதியவர்களையும் பெயர் சொல்லி அறிந்தவர்கள். செயற்கைக்கோள் படம் அங்கே ஒலிபெருக்கியாகவும் கொடியாகவும் கடைசியில் கதவைத் தட்டும் கையாகவும் மாறிச் சென்று சேர்கிறது.

எச்சரிக்கை என்பது கருவியின் வேலை மட்டுமல்ல என்பதற்குப் புதுவைக் கரையில் உள்ள நல்லவாடு என்ற மீனவ ஊர் 2004இல் சான்றாக அமைந்தது. அவ்வாண்டு தாக்கிய ஆழிப்பேரலைக்கு முன்னறிவிப்பு அமைப்பு எதுவும் இந்தியப் பெருங்கடலில் இல்லை. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8,000 பேர் இறந்தனர், அவர்களில் 6,000க்கும் மேற்பட்டோர் நாகப்பட்டினம் மாவட்டத்தினர். நல்லவாட்டிலோ, வெளிநாட்டில் வேலை பார்த்த ஊர்க்காரர் ஒருவர் தொலைக்காட்சியில் செய்தி கண்டு ஊருக்குத் தொலைபேசியில் அழைத்தார், எம்.எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் அங்கே அமைத்திருந்த ஊரக அறிவு மையத்தின் ஒலிபெருக்கியில் உடனே அறிவிப்பு போயிற்று. மக்கள் மேட்டுக்கு ஓடிப் பிழைத்தனர். அந்த ஒலிபெருக்கி ஆழிப்பேரலைக்காக வாங்கப்பட்டதல்ல. அலையின் உயரம், மீன் விலை, அரசுத் திட்டங்கள் என்று நாள்தோறும் எதையாவது அறிவித்துக்கொண்டிருந்ததால் அது அன்று பழுதாகாமல் இருந்தது, அதன் குரலை ஊரும் நம்பியது. பேரிடர் நாளுக்கென்றே பூட்டிவைக்கப்படும் கருவி பேரிடர் நாளில் வேலை செய்யாது என்பதை இத்துறையில் பணிபுரிவோர் ஒப்புக்கொள்வர்.

எச்சரிக்கை தவறிய நாள்களும் உண்டு. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் குமரி முனைக்கு அருகே மிக விரைவாக வலுப்பெற்றபோது, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி முதலிய ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் பல நாள்களுக்கு முன்பே கரையை விட்டுச் சென்றிருந்தனர். கரையில் வெளியான அறிவிப்பு அத்தனை தொலைவில் இருந்த படகுகளை எட்டுவதற்கு வழியே இல்லை. கொண்டல், கச்சான், வாடை, சோழகம் என்று காற்றின் திசைக்கொரு பெயர் வைத்து, நீரின் நிறத்தையும் ஓட்டத்தையும் கொண்டு வானிலை கணித்துவந்த பரம்பரை அறிவும் அவ்வளவு வேகமாக முற்றிய புயலின் முன் போதவில்லை. காலநிலை மாற்றம் கடற்பரப்பைச் சூடாக்குவதால் புயல்கள் குறுகிய காலத்தில் வலுப்பெறும் போக்கு கூடுகிறது என்று அறிவியலாளர் சொல்வதன் பொருள், அனுபவம் சேர்த்துவைத்த கால அளவுகள் பொய்க்கத் தொடங்கியிருக்கின்றன என்பதே. மரபறிவை விரும்பிப் போற்றும் எழுத்துகள் இந்த இடத்தைப் பெரும்பாலும் சுற்றிக்கொண்டு போய்விடுகின்றன. ஒக்கிக்குப் பிறகு படகுகளுக்குச் செயற்கைக்கோள் வழியாகச் செய்தி பெறும் கருவிகள் கொடுக்கப்படுவது அந்தப் பாடத்தின் விளைவு.

மறுநாள் மதியம்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. அதற்கு முன்பே 80,000க்கும் மேற்பட்டோர் முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டிருந்தனர். அன்று காலையில் அரசின் முன்னேற்பாடுகளை எதிர்க்கட்சியினரும் பாராட்டினர். சில நாள்களுக்குள் அதே மாவட்டங்களில் குடிநீருக்காகவும் மின்சாரத்துக்காகவும் சாலை மறியல்கள் நடந்தன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்திருந்தன. உட்பகுதி ஊர்களுக்கு மின்சாரம் திரும்பப் பல வாரங்கள் ஆயின. ஒரே புயலில் ஒரே நிருவாகம் வெற்றியையும் தோல்வியையும் அடுத்தடுத்துக் கண்டதற்குக் காரணம், உயிரைக் காப்பதும் வாழ்வைக் காப்பதும் வெவ்வேறு வேலைகள் என்பதுதான். மக்களை ஓரிரவு ஓரிடத்தில் கொண்டுவந்து வைக்க ஆணை போதும். அவர்கள் திரும்பிப்போகும் இடத்தில் வாழ்வு இருப்பதற்கு நிலம், கடன், பயிர், பதிவேடு என்று நெடுங்காலமாக முடிச்சிட்டு வந்தவற்றை அவிழ்க்க வேண்டும்.

கஜாவில் வீழ்ந்த தென்னைகளின் கதையைச் சற்று அருகில் நின்று பார்க்க வேண்டும். பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டாரங்கள் 1934இல் திறக்கப்பட்ட கல்லணைக் கால்வாயால் பாசனம் பெற்றவை. ஊரார் இன்றும் அதைப் ‘புது ஆறு’ என்கின்றனர். ஆற்றில் தண்ணீர் வரும் நாள் நிச்சயமில்லாமல் போனபோது, நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் கிடைப்பது அரிதானபோது, அப்பகுதி உழவர் பலர் நெல்லை விட்டு ஆழ்குழாய்க் கிணற்றோடு தென்னைக்கு மாறினர். இன்றைய கலைச்சொல்லில் சொன்னால் அதுவே தகவமைப்பு. யாரும் திட்டம் தீட்டித் தராமல், வறட்சிக்கு அவர்களாகவே கண்டுபிடித்த விடை. அந்த விடை வறட்சிக்குப் பொருந்தியது, புயலுக்குப் பொருந்தவில்லை. நெல் அழிந்தால் அடுத்த பட்டத்தில் மீண்டும் விதைக்கலாம். நெட்டைத் தென்னை மறுபடி நட்டுக் காய்ப்புக்கு வர ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் ஆகும், முழு விளைச்சலுக்கு அதற்கும் மேல். அரசு ஒரு மரத்துக்கு இழப்பீடாக 600 ரூபாயும் வெட்டி அகற்ற 500 ரூபாயுமாக 1,100 ரூபாய் அறிவித்தது. விழுந்த மரத்தை அப்புறப்படுத்தும் கூலி மரத்தின் மதிப்போடு ஏறத்தாழச் சமமாக வைக்கப்பட்டதைக் கொண்டே, ஒரு மரம் பத்தாண்டுக்குத் தரக்கூடிய வருவாய் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை என்பதை அறியலாம். தோட்டம் வைத்திருந்தவருக்காவது இவ்வளவு உண்டு. மரமேறியும் மட்டை உரித்தும் கீற்று முடைந்தும் பிழைத்தவர்களுக்கு இழப்பு என்று எழுதிக்கொள்ளவே படிவம் இல்லை.

படிவத்தின் ஆட்சி நெல்லிலும் உண்டு. பயிர்ச் சேதம் 33 விழுக்காட்டைத் தாண்டினால்தான் பேரிடர் நிதியிலிருந்து இடுபொருள் மானியம் கிடைக்கும். 2015 வரை இவ்வரம்பு 50 விழுக்காடாக இருந்தது. 2016 முதல் நடைமுறையில் உள்ள பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் பரவலான இழப்பு தனி வயலைப் பார்த்து முடிவாவதில்லை. வருவாய்க் கிராமம் அல்லது பிர்க்காவை ஓர் அலகாகக் கொண்டு, அதற்குள் சில வயல்களில் நடத்தும் பயிர் அறுவடைப் பரிசோதனையின் சராசரியால் முடிவாகிறது. மேட்டு வயல் தப்பி, வடிகால் ஓரத்துப் பள்ள வயல் பத்து நாள் நீரில் கிடந்து அழுகினால், பள்ளத்துக்காரரின் இழப்பு மேட்டுக்காரரின் விளைச்சலில் கரைந்துபோகும். இதற்கும் முன்னால் இருக்கும் தடை அடங்கல். எந்தப் புல எண்ணில் யார் என்ன பயிர் செய்கிறார் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதித் தரும் அந்தச் சான்று இன்றிக் காப்பீடும் இல்லை, நிவாரணமும் இல்லை. கோயில், மட நிலங்களையும் ஊரில் இல்லாதவர்களின் நிலங்களையும் வாய்ப்பேச்சில் குத்தகைக்கு உழுவோர் படுகையில் ஏராளம். குத்தகை உரிமையைப் பதிவு செய்ய 1969ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. ஆனால் பதிவு செய்தால் குத்தகைதாரர் உரிமை கோருவாரோ என்ற அச்சத்தில் நில உரிமையாளர் இசைவதில்லை, இசையாதவரைப் பகைத்துக்கொள்ள உழுபவரால் முடிவதில்லை. வெள்ளம் தாங்கும் விதையை ஒரு குத்தகை உழவருக்குக் கொடுப்பதைவிட, அவர் பெயர் அடங்கலில் ஏற வழிசெய்வது பெரிய தகவமைப்பு உதவி என்று கருத இடமுண்டு.

‘ஊர்’ என்ற சொல்லுக்குள்

‘உள்ளூர்ச் சமூகம்’ என்ற தொடர் அறிக்கைகளில் மிக எளிதாக ஆளப்படுகிறது. 2021இல் பன்னாட்டு அமைப்புகள் பல கூடி, தகவமைப்பு உள்ளூர்த் தலைமையில் நடக்க வேண்டும் என்று எட்டுக் கோட்பாடுகளை வகுத்தன. டாக்காவில் இருந்து பல்லாண்டுக் காலம் இக்கருத்தை வலியுறுத்திவந்து 2023இல் மறைந்த சலீமுல் ஹக்கின் பணி அதற்கு அடித்தளமாயிற்று. முடிவெடுக்கும் அதிகாரத்தைக் கீழ்மட்டத்துக்குக் கொடுக்க வேண்டும் என்பது அவற்றின் சாரம். கீழே என்றால் யாரிடம் என்ற கேள்வி அங்கே எழுகிறது.

சோழமண்டலக் கரையில் மீனவர் ஊர்ப் பஞ்சாயத்து என்பது அரசுப் பஞ்சாயத்துக்குப் பல தலைமுறை முந்தைய அமைப்பு. எந்த வலையை இடலாம், எந்த நாளில் கடலுக்குப் போகக் கூடாது, வரி எவ்வளவு என்பதை அதுவே தீர்மானிக்கிறது. ஆழிப்பேரலைக்குப் பின் வந்து குவிந்த நிவாரணத்தைக் குழப்பமின்றிப் பங்கிட அரசும் தொண்டு நிறுவனங்களும் இந்த அமைப்பையே பெரிதும் நம்பின. அதன் ஒழுங்கும் கணக்குத் துப்புரவும் பாராட்டுக்குரியவை. ஆனால் அந்தப் பஞ்சாயத்தின் பட்டியலில் இடம்பெற வரி கட்டும் ஆண் குடும்பத் தலைவராக இருக்க வேண்டும். கணவனை இழந்து கூடையில் மீன் விற்ற பெண்களும், மீனவச் சாதியைச் சேராமல் கரையோரத்தில் கூலி செய்த தலித் குடும்பங்களும், முகத்துவாரங்களில் கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளரும் அந்தப் பட்டியலுக்கு வெளியே நின்றனர். முகாம்களிலும் பங்கீட்டிலும் அவர்கள் ஒதுக்கப்பட்டதை அக்காலத்து ஆய்வுகள் விரிவாகப் பதிவு செய்துள்ளன. உள்ளூர் என்பதனாலேயே ஓர் அமைப்பு நீதியானதாகிவிடாது. அதை ஒதுக்கிவிட்டு அலுவலர்களைக் கொண்டே எல்லாம் செய்வதும் தீர்வல்ல என்பதை அலுவலர்கள் நேரில் பங்கிட்ட இடங்களில் நடந்தவை காட்டின. பஞ்சாயத்துப் பட்டியலை ஏற்று, அதில் விடுபட்டோரின் பட்டியலை அதன் அருகிலேயே வைத்துக் கேள்வி கேட்ட இடங்களில்தான் ஓரளவு நேர்மை சாத்தியமாயிற்று.

பாசனத்தைப் பற்றிய பழம்பெருமைக்கும் இது பொருந்தும். பத்தாம் நூற்றாண்டின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் கூறும் ஏரி வாரியத்தையும், ஊரார் கூடி ஏரி வாய்க்கால்களைச் செப்பனிடும் குடிமராமத்தையும் உள்ளூர்த் தகவமைப்புக்கு முன்மாதிரியாகக் காட்டுவது இன்று பொதுவழக்காகிவிட்டது. முன்மாதிரிதான், ஐயமில்லை. ஆனால் உத்திரமேரூர் வாரியம் நிலமும் வேதக்கல்வியும் உடையோரின் வாரியம். நள்ளிரவு மழையில் மடைக்குள் மூழ்கிக் கல்லைப் பெயர்த்த நீர்க்கட்டிகளும் மடைக்குடும்பர்களும் எந்த வாரியத்திலும் அமர்ந்ததில்லை. ஆங்கிலேயர் 1858இல் குடிமராமத்தைக் கட்டாய உழைப்புச் சட்டமாக மாற்றியபோதும் உழைப்பு யாருடையது என்பதில் மாற்றம் இல்லை. எந்த மடை எந்த மழையில் கசியும் என்ற நுண்ணறிவு இருந்ததும் இருப்பதும் அந்தக் கைகளிடம்தான். இன்றைய ஏரிச் சீரமைப்புத் திட்டங்கள் கூடும் அறையில் அவர்களுக்கு நாற்காலி இருக்கிறதா என்று பார்ப்பது கல்வெட்டைப் படிப்பதைவிடப் பயன்தரும்.

சுவரும் சேறும்

ஒரு கேட்டைத் தடுக்கச் செய்யும் ஏற்பாடு வேறொரு கேட்டை உண்டாக்குவதையோ, ஓர் ஊரின் கேட்டை அடுத்த ஊருக்குத் தள்ளுவதையோ ‘தவறிய தகவமைப்பு’ என்று கூறலாம். காலநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுக் குழு 2022ஆம் ஆண்டு அறிக்கையில் இதைக் குறித்து அழுத்தமாக எச்சரித்தது. சோழமண்டலக் கரையில் இதற்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. இக்கரையோரம் மணல் ஆண்டுக் கணக்கில் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. 1980களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கட்டிய கற்கரைகள் அந்த நகர்வை மறிக்க, வடக்கே நகரக் கடற்கரை மணலை இழந்தது. நகரைக் காக்கக் கருங்கல் சுவர் எழும்ப, அரிப்பு இன்னும் வடக்கே விழுப்புரம் மாவட்டத்து மீனவ ஊர்களுக்கு நகர்ந்தது. அவ்வூர்களும் தங்களுக்குத் ‘தூண்டில் வளைவு’ கேட்டன. கரையிலிருந்து தூண்டில்முள் போலக் கடலுக்குள் வளைந்து நீளும் கற்குவியலுக்கு மீனவர் இட்ட பெயர் அது. ஒவ்வோர் ஊரும் தன் அளவில் கேட்டது நியாயம்; மொத்தத்தில் கடல் வாசல் மாறி நுழைந்ததுதான் மிச்சம். உள்ளூரின் விருப்பத்தைக் கேட்பது மட்டும் போதாது, மணல் எத்தனை ஊர்களைக் கடந்து வருகிறதோ அத்தனை ஊர்களையும் ஒரே பாயில் உட்காரவைக்க வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம்.

இடப்பெயர்ப்பும் இதே வகை. சென்னையில் ஆற்றங்கரையோரம் வாழ்ந்த ஏழைகளும், ஆழிப்பேரலையில் வீடிழந்த மீனவக் குடும்பங்கள் சிலவும், பாதுகாப்பின் பெயரால் செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் போன்ற இடங்களுக்கு அனுப்பப்பட்டனர். அவை பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய, நீர் தேங்கும் பள்ளங்கள். மழைக்காலத்தில் அங்கே தண்ணீர் புகுவது வாடிக்கையாயிற்று. வெள்ளத்திலிருந்து காக்கப்பட்டோர் வேலையிலிருந்தும் பள்ளியிலிருந்தும் பல கிலோமீட்டர் தள்ளி வேறொரு வெள்ளத்தில் குடியேற்றப்பட்டனர்.

இவற்றோடு ஒப்பிட, சேற்றில் நடந்த ஒரு முயற்சி கவனத்துக்குரியது. பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் சுரபுன்னையும் கண்டலும் அழிந்ததற்கு ஊரார் விறகு வெட்டியதே காரணம் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் வேறொரு காரணத்தை எடுத்துக்காட்டியது. பழைய வனத்துறை முறையில் மரங்களை மொத்தமாக வெட்டியபோது வெயில் பட்டுச் சேறு அமிழ்ந்து தரை கிண்ணம் போலக் குழிந்தது. அக்குழியில் தேங்கிய கடல்நீர் ஆவியாகி உப்பு ஏறியதால் கன்றுகள் பிடிக்கவில்லை. நடுவில் ஒரு பெரிய வாய்க்காலும் இருபுறமும் சாய்வாகக் கிளைகளுமாக மீன்முள் வடிவில் வெட்டி ஓதநீர் வந்துபோக வழிசெய்ததும் காடு மீண்டது. வாய்க்காலை வெட்டியதும் தூர்வாரிப் பேணியதும் அதுவரை குற்றவாளிகளாகக் கருதப்பட்ட ஊரார்தாம். ஆழிப்பேரலையின்போது பிச்சாவரம் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று ஆய்வாளர் பதிவு செய்தனர். அதில் காட்டின் பங்கு எவ்வளவு, தரையின் உயரமும் கடலிலிருந்து உள்ள தொலைவும் எவ்வளவு என்ற விவாதம் பின்னர் எழுந்தது, அது நியாயமான விவாதம்தான். காடு எல்லா அலையையும் தடுக்கும் அரண் அன்று. ஆனால் கருங்கல் சுவர் இறால் குஞ்சுக்கு இடம் தருவதில்லை. காடு புயல் வராத ஆண்டிலும் ஊருக்குச் சோறு போடுகிறது, அதனால் காக்கப்படுகிறது. நல்லவாட்டு ஒலிபெருக்கியின் கணக்கும் இதுவே.

கடைமடையில் உப்பு வேறு வழியாக வருகிறது. ஆற்றில் நன்னீர் குறையும்போது கடல்நீர் முகத்துவாரம் வழியாக உள்ளேறுகிறது. கடல்மட்டம் உயர உயர இது கூடும். வெண்ணாற்றின் கிளைகளான அரிச்சந்திரா, வெள்ளையாறு, அடப்பாறு முதலியவற்றில் ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனுதவியோடு கரைகளும் இயக்கணைகளும் சீரமைக்கப்பட்டன. கதவு இறக்கினால் உப்பு நிற்கும், மழைக்காலத்தில் ஏற்றினால் வெள்ளம் வடியும். எந்த இரவில் ஏற்றுவது என்பதில்தான் மேலூருக்கும் கீழூருக்கும் சண்டை. 1990களில் இறால் பண்ணைகள் வயலோரம் உப்புநீர்க் குட்டைகளை வெட்டி வடிகால்களை அடைத்தபோது, காந்தியவாதி ச. ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் அப்பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. நிலமற்ற பெண்கள் முன்நின்று நடத்திய அந்தப் போராட்டத்தை எவரும் காலநிலைத் தகவமைப்பு என்று அழைக்கவில்லை. வடிகாலையும் நன்னீரையும் காத்த அளவில் பிற்காலத் திட்டங்கள் பலவற்றைவிட அது மேலான தகவமைப்பு.

விதையைப் பொறுத்தவரை இரண்டு வழிகள் அருகருகே ஓடுகின்றன. வெள்ளத்தில் இரு வாரம் வரை மூழ்கியிருந்தும் மீளும் மரபுக்கூற்றைச் சேர்த்து உருவாக்கிய சி.ஆர். 1009 சப் 1 போன்ற நெல் வகைகள் ஆய்வு நிலையங்களிலிருந்து வருகின்றன. காட்டுயானம், பூங்கார், மாப்பிள்ளைச் சம்பா முதலிய மரபு வகைகளை 2018இல் மறைந்த நெல் ஜெயராமன் போன்றோர் திருத்துறைப்பூண்டியில் விதைத் திருவிழா நடத்தி உழவர் கையிலிருந்து உழவர் கைக்கே மாற்றினர். ஒன்றை அறிவியல் என்றும் மற்றதை மரபு என்றும் எதிரெதிரே நிறுத்துவது எழுதுவோரின் பழக்கம். ஒரே உழவர் பள்ளத்தில் ஒன்றையும் மேட்டில் இன்னொன்றையும் விதைக்கிறார்.

பணமும் பொறுப்பும்

2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டம் தேசியம், மாநிலம், மாவட்டம் என்று மூன்று அடுக்குகளில் ஆணையங்களை அமைத்தது. ஊருக்கு அதில் தனி அதிகாரமோ நிதியோ இல்லை. பதினைந்தாம் நிதிக்குழு மாநிலப் பேரிடர் நிதியில் 80 விழுக்காட்டை மீட்புக்கும் 20 விழுக்காட்டைப் பேரிடர் வருமுன் செய்ய வேண்டிய குறைப்புப் பணிகளுக்கும் பிரித்தது முக்கியமான முன்னேற்றம். ஆயினும் ஒரு வடிகாலைத் தூர்வார வேண்டும் என்று தீர்மானிக்கும் ஊராட்சி அந்தப் பணத்தைத் தொட வழி இல்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியபோது, திருவைகுண்டம் நிலையத்தில் சிக்கிய தொடர்வண்டியின் பயணிகள் ஏறத்தாழ 800 பேர். தங்கள் ஊரே நீரில் நிற்கையில் அருகிலிருந்த புதுக்குடி மக்கள் கோயிலில் சமைத்து அவர்களுக்கு உணவு கொடுத்தனர். வெளியிலிருந்து உதவி வந்து சேரும்வரை பசியாற்றியது அந்தச் சமையல்தான். அரிசியும் விறகும் அடுப்பும் ஊரில் இருந்தன என்பதை எந்த மாவட்டத் திட்டமும் கணக்கில் எடுத்திருக்கவில்லை.

தமிழ்நாட்டில் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. பெரும்பாலான மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது. இடைப்பட்ட மூன்றாண்டுகளில் வர்தா புயல் வந்தது, ஒக்கி வந்தது, கஜா வந்தது. ஊராட்சிகளைத் தனி அலுவலர்கள் நடத்தினர். கஜாவுக்கு மறுநாள் வேதாரண்யத்தைச் சுற்றிய ஊர்களில் எந்தத் தெருவுக்கு முதலில் ஜெனரேட்டர் என்று கேட்கவும், பட்டியலில் விட்டுப்போன பெயருக்காகச் சண்டை போடவும் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் ஒருவர்கூட இல்லை. சாலையை மறித்தவர்கள் அலுவலரைத் தேடி மறித்தனர் என்பதை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்க்க வேண்டும். 2019இல் தேர்ந்தெடுக்கப்பட்டோரின் பதவிக்காலம் 28 மாவட்டங்களில் 2025 ஜனவரித் தொடக்கத்தில் முடிந்தது. நாகப்பட்டினமும் தஞ்சாவூரும் கடலூரும் உட்பட அம்மாவட்டங்களின் ஊராட்சிகள் மீண்டும் தனி அலுவலர்களிடம் ஒப்படைக்கப்பட்டன.